எது கடைக்கு, எது வண்டிக்கு? வீட்டுக் குப்பையைப் பிரிப்பதில் வரும் குழப்பங்களும் தெளிவும்

காலையில் தூய்மைப் பணியாளரின் விசில் சத்தம் கேட்டதும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். அடுப்படியில் இருக்கும் ஒரே வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் கொட்டிவிட்டு வருகிறோம். முந்தின இரவு பிரியாணியின் எலும்பு, பால் பாக்கெட், குழந்தையின் டயப்பர், உடைந்த கிளாஸ், தீர்ந்துபோன பேட்டரி, நேற்றைய நாளிதழ் எல்லாம் அதில் ஒன்றாகக் கிடக்கும். வேறு சில வீடுகளில் பிரித்துத்தான் வைக்கிறார்கள். ஆனால் எதை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல், பிளாஸ்டிக் போலத் தெரிவதையெல்லாம் ஒரு பையிலும், காகிதம் போலத் தெரிவதையெல்லாம் இன்னொரு பையிலும் போட்டு விடுகிறார்கள். நல்ல எண்ணத்தோடு செய்வதுதான். ஆனாலும் எண்ணெய் வடியும் ஒரே ஒரு பார்சல் டப்பா, ஒரு சாக்கு நல்ல காகிதத்தை வீணாக்கிவிடும்.

மதுரை மாநகரிலும் மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான், உசிலம்பட்டி சுற்று வட்டாரத்திலும் உள்ள நம் குடும்பங்களுக்குப் பயன்படும் வகையில், வீட்டில் சேரும் பொருள்களில் எது மறுசுழற்சிக்குப் போகும், எது போகாது, ஏன் போகாது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம். அடுப்படிச் சுவரில் ஒட்டி வைக்கும் அளவுக்குச் சுருக்கமான பட்டியல் கட்டுரையின் இறுதியில் உள்ளது.

குப்பை போகும் இரண்டு வழிகள்

நம் வீட்டிலிருந்து குப்பை வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மாநகராட்சி அல்லது ஊராட்சியின் வண்டி. மற்றொன்று பழைய பேப்பர் கடை.

இரண்டாவது வழி மிகப் பழையது. இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருவில் வந்த வியாபாரியை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுசுழற்சி என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்தவர்கள் அவர்கள். பழைய பொருள் வாங்கும் கடையைக் காயலான் கடை என்கிறோம். காயல்பட்டினத்து வணிகர்கள் இத்தொழிலில் ஈடுபட்டதால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. இன்றும் இத்தொழிலில் நம் சமுதாயத்தவர் பலர் இருக்கிறார்கள்.

ஒரு பொருள் மறுசுழற்சி ஆகுமா என்பதை ஆய்வுக்கூடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதை வாங்க ஆள் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கடைக்காரர் வாங்கினால், அதை அடுத்து வாங்க மொத்த வியாபாரியும், அவருக்குப் பின்னால் ஒரு ஆலையும் இருக்கிறது என்று பொருள். அவர் வாங்க மறுத்தால், அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும் அந்தப் பொருள் பெரும்பாலும் குப்பை மேட்டுக்குத்தான் போகும். உலகில் 2015 வரை உற்பத்தியாகிக் கழிவாக மாறிய பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 9 சதவீதமே மறுசுழற்சி செய்யப்பட்டது என்று 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. காரணங்களில் முக்கியமானது, கலந்தும் அழுக்காகவும் வரும் பிளாஸ்டிக்கை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை என்பதே.

மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் சேரும் குப்பை, நகரின் தெற்கே அவனியாபுரத்தை அடுத்த வெள்ளக்கல் கிடங்குக்குப் போகிறது. கலந்து போகும் குப்பை அங்கே மலையாகச் சேரும். ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. கோடையில் குப்பைக் கிடங்குகள் தீப்பற்ற இதுவும் ஒரு காரணம். புகையைச் சுவாசிப்பவர்கள் கிடங்கை ஒட்டிய ஊர்களில் குடியிருக்கும் எளிய மக்கள். கொழும்பு அருகே மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று குப்பை மேடு சரிந்து விழுந்ததில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாம் வாசலோடு மறந்துவிடும் குப்பை யாரோ ஒருவரின் வீட்டு வாசலில்தான் போய்ச் சேருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016 ஏப்ரல் 8 அன்று அறிவிக்கப்பட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஒவ்வொரு வீடும் குப்பையை மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்றன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயகரமான கழிவு ஆகியவை அந்த மூன்று. தெருவிலும் சாக்கடையிலும் நீர்நிலையிலும் கொட்டுவதையும், எரிப்பதையும், புதைப்பதையும் அவ்விதிகள் தடை செய்தன. டயப்பர், நாப்கின் போன்றவற்றைத் தனியே சுற்றித் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விதியும் இருக்கிறது. உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி நடத்தினால், குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே சேரும் குப்பையைப் பிரித்துக் கொடுப்பது நிகழ்ச்சி நடத்துபவரின் பொறுப்பு. தெருவில் பந்தல் போட்டு நடத்தும் வலீமா விருந்துக்கும் பொது இஃப்தாருக்கும் இது பொருந்தும்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது.

முக்கோணக் குறியைப் பார்த்து ஏமாற வேண்டாம்

குழப்பத்தின் பெரும்பகுதி, பிளாஸ்டிக்கின் அடியில் இருக்கும் முக்கோண அம்புக்குறியால் வருவது. அந்தக் குறி இருந்தால் மறுசுழற்சி ஆகிவிடும் என்று நினைக்கிறோம். அது அப்படியல்ல.

மூன்று அம்புகள் சுற்றி வரும் சின்னத்தை 1970-இல் அமெரிக்க மாணவர் கேரி ஆண்டர்சன் ஒரு போட்டிக்காக வரைந்தார். 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் அதைப் போன்ற முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் போட்டு, எந்த வகைப் பிசின் என்று அடையாளம் காட்டப் பயன்படுத்தியது. அந்த எண் சொல்வது பொருள் எதனால் செய்யப்பட்டது என்பதை மட்டுமே. எண்களின் விவரம்:

1 – பெட். தண்ணீர், குளிர்பான பாட்டில்கள். கடையில் எடுப்பார்கள். பாலியஸ்டர் இழையாக மாறுகிறது.

2 – அடர்த்தி மிகுந்த பாலித்தீன். ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன், பினாயில் பாட்டில். நல்ல விலை உண்டு.

3 – பிவிசி. பைப், வயர் உறை, ரெக்சின். பைப்பைத் தனியே வாங்குவார்கள். மற்ற பிளாஸ்டிக்கோடு கலந்தால் முழு உருக்கும் கெட்டுவிடும்.

4 – அடர்த்தி குறைந்த பாலித்தீன். பால் பாக்கெட், மெல்லிய உறைகள். சுத்தமாக இருந்தால் மட்டும் எடுப்பார்கள்.

5 – பாலிபுரொப்பிலீன். பாட்டில் மூடி, பார்சல் டப்பா, அரிசி வரும் வெள்ளைச் சாக்கு. கழுவியிருந்தால் எடுப்பார்கள்.

6 – பாலிஸ்டைரீன். தெர்மாகோல், சில வகைக் கப், ஸ்பூன். எடை இல்லாததால் பெரும்பாலும் யாரும் வாங்குவதில்லை.

7 – மற்றவையும் கலப்பு வகைகளும். கடைக்காரரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

மறுசுழற்சி போலத் தோன்றி ஏமாற்றும் பொருள்கள்

சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட், ஷாம்பு சாஷே: உள்ளே வெள்ளியாகப் பளபளக்கும் உறைகளில் பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியப் பூச்சும் பல அடுக்காக ஒட்டியிருக்கின்றன. பிரிக்கும் செலவு பொருளின் மதிப்பை விட அதிகம். அதனால் கடையில் எடுக்க மாட்டார்கள். சேகரித்து உலர்வாக மாநகராட்சி வண்டியில் மக்காத குப்பையாகக் கொடுத்தால், சிமென்ட் ஆலைகளில் நிலக்கரிக்குத் துணை எரிபொருளாகப் பயன்பட வாய்ப்புண்டு. ஈரக் குப்பையோடு கலந்துவிட்டால் அதற்கும் உதவாது.

பேப்பர் கப்: காகிதம் என்று நம்பித்தான் டீ குடிக்கிறோம். ஆனால் சூடான டீ ஊறாமல் நிற்பது உள்ளே இருக்கும் பாலித்தீன் பூச்சால். அது மண்ணில் முழுதாக மக்காது. பழைய பேப்பரோடும் சேராது. 2019 தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகளும் இருந்தன.

துணி போலத் தெரியும் பை: ஜவுளிக் கடையிலும் கல்யாண வீட்டிலும் தாம்பூலத்தோடு தரும், தொட்டால் துணி போல இருக்கும் பை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் இழையை வெப்பத்தால் ஒட்டிச் செய்தது. அதாவது பிளாஸ்டிக். ஓரத்தை இழுத்துப் பாருங்கள். நூல் நூலாகப் பிரிந்து வந்தால் துணி. பஞ்சு போலப் பிய்ந்து வந்தால் பிளாஸ்டிக்.

ஜூஸ் அட்டைப் பெட்டி: ஏறத்தாழ முக்கால் பங்கு அட்டை, மீதி பாலித்தீனும் அலுமினியமும். இதற்குத் தனி ஆலை வேண்டும். அட்டைப் பெட்டிகளோடு சேர்க்கக் கூடாது.

கடை ரசீது: ஏடிஎம், சூப்பர் மார்க்கெட் ரசீதுகள் வெப்பத்தால் அச்சாகும் ரசாயனம் பூசிய தாள். பழைய பேப்பரில் சேர்க்க வேண்டாம்.

மாத்திரை அட்டை: பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியது. கடையில் போகாது.

கண்ணாடி: பாட்டிலும் ஜாடியும் மறுசுழற்சி ஆகும். முகம் பார்க்கும் கண்ணாடி, டம்ளர், ஜன்னல் கண்ணாடி, பீங்கான் இவற்றின் உருகும் தன்மை வேறு. பாட்டிலோடு கலந்தால் ஆலையில் சிக்கல்.

எண்ணெய் பட்ட காகிதம்: காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கித்தான் மறுபடி காகிதம் செய்கிறார்கள். தண்ணீரோடு எண்ணெய் கலக்காது. பரோட்டா கட்டிய தாளும், எண்ணெய் ஊறிய பெட்டியும் அந்தக் கூழைக் கெடுக்கும். பூச்சு இல்லாத சாதாரணத் தாளாக இருந்தால் அதை மக்கும் குப்பையில் போடலாம்.

நிச்சயமாக மறுசுழற்சி ஆகும் பொருள்கள்

நாளிதழ், நோட்டு, புத்தகம், அட்டைப் பெட்டி: உலர்ந்திருக்க வேண்டும். கூரியர் பெட்டியில் டேப்பைக் கிழித்து, மடித்துத் தட்டையாக்கி வையுங்கள்.

பால் பாக்கெட்: வெட்டும்போது மூலையைத் துண்டாக நறுக்கி எறிய வேண்டாம். பாதி வெட்டி, துண்டு பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். தனியே விழும் அந்தச் சிறு துண்டை யாராலும் பொறுக்க முடியாது. அது சாக்கடைக்குப் போகும், அல்லது ஆட்டின் வயிற்றுக்குப் போகும். பாக்கெட்டை ஒருமுறை அலசிக் கொடியில் காயப் போட்டு, நூறு சேர்ந்ததும் கடைக்குக் கொடுக்கலாம். ஊறுகாய், எண்ணெய் பாக்கெட்டை அலசாமல் இதோடு சேர்க்கக் கூடாது.

தண்ணீர் பாட்டில்: காலி செய்து, நசுக்கி வையுங்கள். மூடியை அதிலேயே மாட்டுவதா கழற்றுவதா என்பதைக் கடைக்காரர் சொல்வார்.

இரும்பு, அலுமினியம், பித்தளை, செம்பு, பவுடர் டின்: எப்போதும் விலை உண்டு. அலுமினிய பார்சல் டப்பாவைக் கழுவினால் அதுவும் போகும்.

தேங்காய்ச் சிரட்டை: கரி தயாரிக்க வாங்குவோர் இருக்கிறார்கள். தனியே சேர்த்து வைக்கலாம்.

தனியாகத்தான் போக வேண்டியவை

சில பொருள்களை எந்தக் குப்பையோடும் கலக்கக் கூடாது. ட்யூப் லைட்டிலும் சிஎஃப்எல் விளக்கிலும் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, குழந்தைகளை வெளியேற்றி, வெறும் கை படாமல் அள்ள வேண்டும். செல்போன் பேட்டரியைக் குப்பையில் போட்டால் வண்டியின் அழுத்தத்திலேயே தீப்பற்றலாம். பழைய மின்னணுப் பொருள்களையும் பேட்டரிகளையும் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தி செய்த நிறுவனத்துக்கே உண்டு என்கின்றன 2022-ஆம் ஆண்டு விதிகள். அதனால் புதியது வாங்கும் கடையில் பழையதை எடுப்பார்களா என்று கேட்பது நம் உரிமை.

காலாவதியான மருந்து, இன்சுலின் ஊசி, பெயின்ட் டப்பா, கொசு மருந்து பாட்டில் இவையும் தனி. ஊசியை மூடி போட்ட தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, மேலே எழுதி ஒட்டிக் கொடுங்கள். நாப்கின், டயப்பரைக் காகிதத்தில் சுற்றி, மேலே பேனாவால் சிவப்பு வட்டம் போட்டுத் தனியே கொடுங்கள்.

அம்பு ஏந்தியபடி பள்ளிவாசலுக்குள்ளோ கடைவீதியிலோ செல்பவர், யார்மீதும் காயம் படாமலிருக்க அதன் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள் (புகாரி, முஸ்லிம்). உடைந்த கண்ணாடியை நாம் குப்பைப் பையில் மறைத்து வைக்கும்போது, அந்த முனை கையுறைகூட இல்லாமல் குப்பையைப் பிரிக்கும் ஒரு தூய்மைப் பணியாளரின் உள்ளங்கைக்குத்தான் போகிறது. தடித்த காகிதத்தில் சுற்றி, கையில் கொடுத்து, ‘இதில் கண்ணாடி இருக்கிறது அக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு நமக்கு எதுவும் செலவில்லை.

அல்லாஹ்வின் பெயர் உள்ள காகிதங்கள்

நம் வீடுகளுக்கே உரிய குழப்பம் இது. கிழிந்த குர்ஆன் பிரதிகள், மதரஸா பாடப் புத்தகங்கள், வசனங்கள் அச்சிட்ட நாள்காட்டி, பிஸ்மில்லாஹ் போட்ட திருமண அழைப்பிதழ் இவற்றைப் பழைய பேப்பரோடு போட மனம் வருவதில்லை. அந்தத் தயக்கம் சரியானது. கடைக்குப் போன காகிதம் நேரே ஆலைக்குப் போகும் என்ற உறுதி இல்லை. வடை மடிக்கவும் போகலாம், தரையிலும் கிடக்கலாம்.

மக்கள் நடமாட்டம் இல்லாத தூய்மையான இடத்தில் துணியில் சுற்றிப் புதைப்பதும், எரித்துச் சாம்பலாக்குவதும் அறிஞர்கள் காட்டிய வழிகள். உஸ்மான் (ரலி) அவர்கள் குர்ஆனைப் பிரதியெடுத்து அனுப்பிய பின் மற்ற ஏடுகளை எரிக்கச் சொன்ன செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. எது சிறந்தது என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால், உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள். பிளாஸ்டிக் அட்டையும் லேமினேஷனும் இருந்தால் முதலில் பிரித்துவிட வேண்டும். அவை மண்ணில் மக்காது, எரித்தால் நச்சுப் புகை வரும்.

அழைப்பிதழிலும் நாள்காட்டியிலும் வசனம் உள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தனியே சேர்த்தால், மீதியைத் தாராளமாகக் கடையில் போடலாம். ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இதற்கென ஒரு பெட்டி வைத்து, வருடத்துக்கு ஒருமுறை ஜமாஅத் பொறுப்பெடுத்துக்கொண்டால் எல்லா வீடுகளுக்கும் எளிது. அச்சிடும்போதே குறைத்துக்கொள்வது அதைவிடச் சிறந்தது.

ஈரக் குப்பையும் குர்பானியும்

காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, டீத்தூள், முட்டை ஓடு, வாழை இலை எல்லாம் மக்கும் குப்பை. மொட்டை மாடியில் இடம் இருந்தால், பக்கவாட்டில் துளையிட்ட மண் தொட்டியில் காய்கறிக் கழிவு ஒரு அடுக்கு, காய்ந்த இலை அல்லது தேங்காய் நார்க் கழிவு ஒரு அடுக்கு என்று மாற்றிப் போட்டு வந்தால் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் உரம் கிடைக்கும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். காய்ந்த இலையைக் கூட்டுங்கள். இறைச்சி, மீன், எலும்பை வீட்டுத் தொட்டியில் போடாமல் வண்டியில் கொடுப்பதே நல்லது. மிஞ்சிய எண்ணெயைச் சாக்கடைக் குழாயில் ஊற்ற வேண்டாம். ஆறியதும் கட்டியாகி அடைத்துக்கொள்ளும்.

மைமூனா (ரலி) அவர்களின் விடுவிக்கப்பட்ட பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலை நீங்கள் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அது செத்ததாயிற்றே என்றவர்களிடம், அதை உண்பதுதான் தடை என்று தெளிவுபடுத்தினார்கள் (புகாரி, முஸ்லிம்). பயன் உள்ள பொருளை வீணாக விடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறு என்ன வேண்டும்!

குர்பானித் தோலை மதரஸாக்களுக்கும் ஏழைகளுக்கும் கொடுக்கிறோம். பக்கத்தில் திண்டுக்கல்லிலேயே தோல் பதனிடும் தொழிற்சாலைகள் உள்ளன. ஆனால் வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே தோல் அழுகத் தொடங்கிவிடும். உரித்த தோலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல், நிழலில் விரித்து, உள்பக்கம் முழுக்கக் கல் உப்பைத் தூவி வையுங்கள். கத்தி பட்டுக் கிழியாமல் உரிக்கச் சொல்லுங்கள். குடல், சாணம், இரத்தத்தைச் சாக்கடையிலோ கிருதுமால் வாய்க்காலிலோ விடக் கூடாது. பெருநாளுக்கு முன்பே ஜமாஅத் சார்பில் வார்டு சுகாதார அலுவலரிடம் பேசித் தனி வண்டிக்கு ஏற்பாடு செய்வது நல்லது. பலியிட்ட இடத்தை அன்றே கழுவிச் சுத்தம் செய்வதும் அண்டை வீட்டாருக்குச் செய்யும் கடமைதான். அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி.

மதுரையிலிருந்து கிளம்பிய ஒரு வழி

பைகளும் கப்புகளும் கடையில் விலை போகாதே, அவற்றுக்கு வழியே இல்லையா என்ற கேள்விக்கு ஒரு விடை நம் ஊரிலேயே பிறந்தது. திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், பிளாஸ்டிக் கழிவைத் துண்டுகளாக்கி, ஏறத்தாழ 170 டிகிரி சூட்டில் உள்ள ஜல்லியின் மேல் தூவினால் அது உருகிக் கல்லைப் பூசிக்கொள்வதையும், பிறகு தார் நன்றாகப் பிடிப்பதையும் கண்டறிந்தார். 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே அந்த முறையில் சாலை போடப்பட்டது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒற்றை வழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் செலவாகும் என்பது கணக்கு.

இதிலும் பிரித்தல் முக்கியம். பை, கப், தெர்மாகோல் போன்றவை இம்முறைக்கு ஏற்றவை. பிவிசி கூடாது. சூடாக்கினால் குளோரின் சேர்ந்த நச்சு வாயு வெளியேறும். வீட்டு வாசலில் பிளாஸ்டிக்கை எரிக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். குறைந்த சூட்டில் புகைந்து எரியும் பிவிசியிலிருந்து டயாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகிறது. குளிர்காலக் காலையில் தெருவோரம் மூட்டும் தீயில் பழைய வயரையும் ரெக்சின் பையையும் போடுபவர்களைப் பார்த்தால் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

நோன்பு, கல்யாணம், பள்ளிவாசல்

வழக்கமாகச் சேரும் குப்பையைவிட ரமளானில் சேருவது அதிகம். நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளி எடுத்துப் போனது நம் வழக்கம். இடையில் பாலித்தீன் பை புகுந்தது. சூடான கஞ்சியை மெல்லிய பையில் ஊற்றுவது உடம்புக்கும் கேடு. தூக்குவாளி கொண்டு வருவோருக்கே கஞ்சி என்று ஜமாஅத் முடிவெடுத்தால் ஒரு மாதத்துக் குப்பை குறையும். இஃப்தார் விரிப்பில் சிறு தண்ணீர் பாட்டில்களுக்குப் பதில் குடமும் எவர்சில்வர் டம்ளரும் வைக்கலாம். பேரீச்சம்பழம் வரும் டப்பாக்களைக் கழுவி ஒரு சாக்கில் சேர்த்தால் கடைக்குப் போகும்.

கல்யாணப் பந்தியில் வாழை இலை விரித்தால் எல்லாம் ஒரே மக்கும் குப்பை. அதில் பிளாஸ்டிக் ஸ்பூனும் ஐஸ்கிரீம் கப்பும் கலந்தால், இலை உரமாகவும் ஆகாது, கப்பும் கடைக்குப் போகாது. இலை எடுப்பவர் கையில் இரண்டு வாளி கொடுத்துவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

அடிக்கடி எழும் கேள்விகள்

நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே? சில இடங்களில் அப்படி நடக்கிறது. கடைக்குப் போக வேண்டியதை நாம் முன்கூட்டியே எடுத்துவிட்டால், வண்டியில் கலந்தாலும் அந்த அளவு தப்பித்துவிடும். பிறகு வார்டு உறுப்பினரிடமும் சுகாதார ஆய்வாளரிடமும் தெருவாசிகள் சேர்ந்து முறையிடுங்கள். தனி ஒருவர் சொல்வதைவிட ஜமாஅத் சொன்னால் எடை அதிகம்.

எல்லாவற்றையும் கழுவினால் தண்ணீர் வீணாகாதா? சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேவையில்லை. பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும்.

எதில் போடுவது என்றே தெரியாவிட்டால்? நல்ல காகிதச் சாக்கிலும் நல்ல பிளாஸ்டிக் சாக்கிலும் அதைப் போடாதீர்கள். மக்காத குப்பையாக வண்டியில் கொடுத்துவிடுங்கள். சந்தேகமான ஒன்றால் சுத்தமான ஒரு சாக்கு கெடுவதைவிட அது மேல்.

விற்ற காசு அற்பமாக இருக்கிறதே? இருக்கலாம். பிள்ளைகள் கையில் ஒரு உண்டியல் கொடுத்து, பழைய பேப்பர் காசை அதில் போடச் சொல்லுங்கள். வருடக் கடைசியில் ஒரு ஏழைப் பிள்ளையின் நோட்டுக்கும் பேனாவுக்கும் ஆகும்.

சுவரில் ஒட்ட ஒரு பட்டியல்

பச்சை வாளி (வண்டிக்கு, தினமும்): காய்கறித் தோல், சோறு, எலும்பு, மீன் கழிவு, டீத்தூள், வாழை இலை, பூச்சு இல்லாத எண்ணெய்த் தாள்.

சாக்கு (கடைக்கு, மாதம் ஒருமுறை): நாளிதழ், நோட்டு, அட்டை, தண்ணீர் பாட்டில், ஷாம்பு பாட்டில், அலசிய பால் பாக்கெட், கழுவிய டப்பா, உலோகம், கண்ணாடி பாட்டில்.

நீல வாளி (வண்டிக்கு, உலர்வாக): சிப்ஸ் பாக்கெட், சாஷே, பேப்பர் கப், தெர்மாகோல், மாத்திரை அட்டை, ரசீது, பல் துலக்கும் பிரஷ், பேனா, ஜூஸ் பெட்டி.

தனிப் பொட்டலம் (சொல்லிக் கொடுக்க வேண்டியவை): டயப்பர், நாப்கின், உடைந்த கண்ணாடி, ஊசி, பேட்டரி, ட்யூப் லைட், காலாவதி மருந்து.

தனிப் பெட்டி (பள்ளிவாசலுக்கு): அல்லாஹ்வின் பெயரும் குர்ஆன் வசனங்களும் உள்ள தாள்கள்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள் (முஸ்லிம்). அகற்றுவதே ஈமானின் கிளை என்றால், அந்த இடையூறை நம் கையால் பாதையில் போடாமல் இருப்பது எவ்வளவு அவசியம் என்று யோசித்துப் பாருங்கள். நாளைக் காலை விசில் கேட்பதற்குள் வீட்டில் இன்னொரு வாளியும் ஒரு சாக்கும் எடுத்து வையுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும், இன்ஷா அல்லாஹ்.